மூச்சு விடாத காளவாசல்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இவ்விரண்டுக்கும் அடுத்தபடியாக வரலாற்றில் ஏறப்போகும் நிகழ்ச்சி, வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால், போடிநாயக்கனூர் குரங்கணி ரோட்டில், ஏலக்காய் வியாபாரியும் எஸ்டேட் அதிபரும் சுற்றுச்சூழல் சிந்தனையாளருமான ராஜா முகம்மது அவர்களின் கிட்டங்கிக்குப் பின்னாலுள்ள காலி மனையில் நடைபெறும். ஒரு மூச்சுக் கரியமில வாயுகூட வெளியேறாமல் சுண்ணாம்பு சுடும் உலகின் முதல் காளவாசல் அன்று திறந்துவைக்கப்படும். இதை நாடும் நாட்டு மக்களும் அறிந்து பெருமை கொள்ள வேண்டும். வருகிறவர்களுக்குப் பிரியாணி உண்டு.

இந்த அறிவிப்பு லாரி நீளத்துக்கு ஃபிளெக்சில் அச்சாகி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நின்றது. அதில் ராஜா முகம்மது கோட்டுப் போட்டிருந்தார். வாழ்க்கையில் அவர் கோட்டுப் போட்டது கிடையாது. கழுத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் கம்ப்யூட்டரில் வேறு யாரிடமிருந்தோ வாங்கிப் பொருத்தியது. தலைக்குப் பின்னால் பூமி உருண்டை. உருண்டையின் உச்சியில் ஓர் இலை முளைத்து நின்றது. ஏல இலையாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அச்சகத்தாருக்கு அகப்பட்டது வெற்றிலை. சுண்ணாம்பு விழாவுக்கு வெற்றிலை பொருத்தம்தானே என்று அவர்கள் சமாதானம் சொன்னபோது, அதில் கேலி இருக்கிறதா என்று ராஜா முகம்மது கொஞ்ச நேரம் யோசித்தார். இல்லை என்று முடிவு செய்தார். தன்னைப் பற்றிய கேலிகளில் அவர் எப்போதும் அப்படித்தான் முடிவு செய்வார்.

எல்லாம் மதுரையில் ஆரம்பித்தது. போன தை மாதம் அங்கே ஓர் ஓட்டலில் 'பசுமை வணிகம்' என்று ஒருநாள் கருத்தரங்கு நடந்தது. காலையில் பெயர் பதிந்தவர்களுக்கு ஒரு தோள்பையும் தண்ணீர் பாட்டிலும். சாயங்காலம் வரை எழுந்து போகாதவர்களுக்கு ஒரு சான்றிதழ். இன்னார் கலந்துகொண்டார் என்பதற்கு மேல் அந்தச் சான்றிதழ் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் ராஜா முகம்மது அதற்குச் சட்டம் போட்டு, கிட்டங்கிக்குள் வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டினார். அன்றிலிருந்து புகையைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. டீக்கடை அடுப்பைப் பார்த்தால் பெருமூச்சு. வீட்டில் தோசை தீய்ந்தால் பூமிக்காக வருத்தம். பக்கத்துத் தெருவுக்கும் ஜீப்பில்தான் போவார். நடந்தால் அதிகமாக மூச்சு விட வேண்டியிருக்கும் என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

இந்த நிலைமையில்தான் ஒரு டீக்கடையில் வீரணன் அவரிடம் அகப்பட்டார்.

வீரணனுக்குச் சிலமலை போகிற வழியில் ஒரு காளவாசல் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லையும் கரியையும் அடுக்கிச் சுடுகிற பழைய சூளைதான். ஊருக்கு அது புகை. ஏலத்தோட்டக்காரர்களுக்கு அது மருந்துக்கடை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்னால் துரிசும் சுண்ணாம்பும் கரைத்து ஏலச் செடிக்குத் தெளித்தாக வேண்டும். தெளிக்காத தோட்டத்தில் மழை விழுந்தால் காய் செடியிலேயே அழுகும். நீலமாக இருக்கும் துரிசு, அதாவது மயில்துத்தம், எந்த உரக்கடையிலும் கிடைக்கும். சுண்ணாம்புதான் புதிதாகச் சுட்டதாக இருக்க வேண்டும். கடையில் சாக்கில் கிடக்கும் பொடி காற்றுப் பட்டுப் பட்டு உயிர் போன சரக்கு. சுவருக்கு அடிக்கலாம், காய்க்கு ஆகாது. புதுச் சுண்ணாம்புக்கு அந்த வட்டாரத்தில் வீரணனை விட்டால் ஆள் இல்லை.

அப்பேர்ப்பட்ட வீரணனிடம் ராஜா முகம்மது, டீ ஆறிப்போகிற வரைக்கும், பனிமலைகள் உருகுவதைப் பற்றிப் பேசினார். உருகுவதற்கு வீரணனின் காளவாசல் எவ்வளவு பொறுப்பு என்பதையும் சொன்னார். வீரணனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. காளவாசல் புகை பட்ட ஊரில் கொசு வராது, சளி பிடிக்காது, பிள்ளைகளுக்கு ஞாபக சக்தி கூடும், சிலமலையில் இத்தனை பேர் அரசாங்க வேலையில் இருப்பதற்கே தன் புகைதான் காரணம் என்று அவர் பதிலுக்கு அடித்துவிட்டார். கடையில் இருந்தவர்கள் பனிமலைக்கும் ஞாபக சக்திக்குமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் வீரணன் எழுந்தார்.

"புகை இல்லாமச் சுண்ணாம்பு சுட்டுக் காட்டுங்க பாய். காட்டுற அன்னைக்கி என் காளவாசலை நானே கடப்பாரை போட்டு இடிச்சுர்றேன். அதுவரைக்கும் என்கிட்டச் சுண்ணாம்பு கேட்டு உங்க ஜீப்பு வர வேண்டாம்."

"புகை என்னய்யா புகை" என்றார் ராஜா முகம்மது. "ஒரு மூச்சு வெளிய வராமச் சுடுறேன். பாத்துக்கிட்டே இரு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குக் கேட்டது. ஆனால் கடையில் யாரோ அதற்குள் அதைப் படம்பிடித்து, 'போடி ஏலம் உறவுகள்' வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ராஜா முகம்மது அவற்றை எண்ணவில்லை, ஆனால் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

வீட்டில் பொம்மை எதுவும் விழவில்லை. மனைவி நபீசா அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தாள். குரங்கணிக்கு மேலே சரிவில் இருக்கும் ஏலத்தோட்டம் அவளுடைய அத்தா அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. வாயிற்பலகையில் 'நபீசா எஸ்டேட்' என்றுதான் இருக்கும். ராஜா முகம்மது அதிபர் ஆனது, நபீசாவைக் கட்டிய வகையில்தான். அதிபருக்கு அடையாளம், தோட்டத்து ஸ்டோரின் பித்தளைச் சாவி. அதை இடுப்பு பெல்ட்டில், சட்டைக்கு வெளியே தெரியும்படி தொங்கவிட்டிருப்பார். நடக்கும்போது சாவி முதலில் வரும், பின்னால் அவர் வருவார்.

"தெளிக்கிறதுக்குச் சுண்ணாம்பு வேணும்" என்றாள் நபீசா. "அதை நீங்க வானத்துல இருந்து கொண்டாங்க, பூமியில இருந்து கொண்டாங்க. மழைக்கு முன்னாடி வரலைன்னா, தோட்டத்தை இனிமே நான் பாத்துக்கிறேன். சாவியைக் குடுத்துருங்க."

ராஜா முகம்மது சிரித்தார். சிரித்துக்கொண்டே கை போய்ச் சாவியைத் தொட்டுப் பார்த்தது.

யோசனை அவருக்கு ஸ்டோரிலிருந்துதான் வந்தது. ஏலக்காய் ஸ்டோர் என்பது காய் உலர்த்துகிற வீடு. பறித்த காயைத் தட்டுகளில் பரப்பி, கீழே குழாயில் அனல் ஓடவிட்டு, கதவு சன்னலையெல்லாம் இறுக்கி அடைத்துக் காயவைப்பார்கள். அடைப்பு இறுக்கமாக இருந்தால் காயின் பச்சை நிற்கும், பச்சைதான் விலை. இந்த அடைக்கும் கலையில் ராஜா முகம்மதுவை மிஞ்ச மலையில் ஆள் கிடையாது. இடுக்கிலெல்லாம் பழைய செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டுவார். அவர் அடைத்த ஸ்டோருக்குள் மாட்டிக்கொண்ட ஈ, காயோடு சேர்ந்து காய்ந்து, காயோடு சேர்ந்து ஏலத்துக்குப் போயிருக்கிறது.

ஒரே ஒரு விஷயம். காயைப் பரப்பிய முதல் சில மணி நேரம் மேல் சன்னல்களைத் திறந்துவைத்து, காயிலிருந்து கிளம்பும் ஆவியை வெளியே போகவிட்டு, அதற்குப் பிறகுதான் அடைக்க வேண்டும். இல்லையென்றால் காய் காயாது, வேகும். இந்தத் திறக்கிற வேலையை மேஸ்திரி பொன்னுமணி முடித்துவைத்துவிடுவார். முதலாளியின் ஜீப்பு மலையேறி வந்து சேரும்போது அடைக்கிற கட்டம் வந்திருக்கும். ஆகவே ராஜா முகம்மது அந்தக் கலையில் பாதியை முழுமையாகக் கற்றிருந்தார்.

காயை அடைத்துச் சுட முடியும் என்றால் கல்லை ஏன் அடைத்துச் சுட முடியாது? ராசிங்காபுரத்தில் ஓடாமல் கிடந்த ஒரு ரைஸ் மில்லில் தடித்த இரும்பில் பழைய பாய்லர் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அது லாரியேறி வந்தது. உள்ளே சுண்ணாம்புக் கல், வெளியே நாலு பக்கமும் நெருப்பு, மூடியை முடுக்கிவிட்டால் கல்லிலிருந்து கிளம்பும் வாயு எங்கே போகும்?

இந்தக் கேள்வியை அவர் மச்சினன் மன்சூரிடம் கேட்டார். நபீசாவின் தம்பி. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய செல்போன் கடைக்கு மாடியில் 'மன்சூர் கெமிஸ்ட்ரி அகாடமி' நடத்துகிறவன். கைகளைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் பார்க்கும் படத்துக்குக் கீழே 'வேதியியலின் வேந்தன்' என்று போர்டு வைத்திருப்பான். அவனிடம் படித்தவர்கள் மார்க்கு வாங்கினார்கள் என்பது உண்மை. பாடத்தையெல்லாம் மெட்டுப் போட்டு வைத்திருந்தான். பிள்ளைகள் கோரஸாகச் சொல்வார்கள். புரிந்துகொள்ள முயல்கிற மாணவர்களை அவனுக்குப் பிடிக்காது. புரிய ஆரம்பித்தால் எழுதுகிற வேகம் குறையும் என்பது அவனுடைய அனுபவம்.

"எங்கயும் போகாது மச்சான்" என்றான் மன்சூர், உறுதியாக.

அன்றே அவன் விஞ்ஞான ஆலோசகராக நியமிக்கப்பட்டான். ஃபிளெக்சில் ராஜா முகம்மதுவின் முழங்கைக்குப் பக்கத்தில் மூடி போட்ட பாய்லரின் படமும், அதை ஒட்டி அவன் படமும் ஏறின.

பாய்லருக்கு வெல்டிங் வைக்கப் பட்டறைக்காரர் அமாவாசை வந்தார். சேஃப்டி வால்வு வேலை செய்யவில்லை, புதிதாக ஒன்று போட்டுவிடலாமா என்று கேட்டார். அழுத்தம் கூடினால் தானாகத் திறந்து வாயுவை வெளியே விடுகிற எந்தச் சாமானும் தன் காளவாசலில் இருக்கக் கூடாது என்று ராஜா முகம்மது சொல்லிவிட்டார். கடைசியில் கையால் திருகுகிற வால்வு ஒன்றைப் போட்டு, அதன் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டி, பூட்டும் போட்டார்கள். அந்தப் பூட்டின் சாவி ஸ்டோர் சாவியோடு பெல்ட்டில் சேர்ந்தது. வேலை முடிந்ததும் அமாவாசை பாய்லரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தனக்குக் கம்பத்தில் அவசரச் சோலி இருப்பதாகச் சொல்லிவிட்டு, நெருப்பு வைப்பதற்குள் ஊரை விட்டே போய்விட்டார்.

கல்லை வாய் வரை திணித்தார்கள். இடம் கொஞ்சம் விட்டால் என்ன என்று மன்சூர் கேட்டான். அதிகக் கல் போட்டால் அதிகச் சுண்ணாம்பு என்றார் ராஜா முகம்மது. வேதியியலின் வேந்தனுக்கு அதில் தவறு தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் நெருப்பு வைத்தார்கள். லோடு லோடாகச் சீமைக் கருவேல விறகு எரிந்தது. எரிந்த விறகு, விறகு எப்படி எரியுமோ அப்படி எரிந்தது. புகை எழுந்து, கிட்டங்கியை மூடி, ரோட்டை மூடி, எதிர்ச்சாரியில் இருக்கும் டீக்கடையை மூடியது. குரங்கணி பஸ்சு பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்து ஊர்ந்தது. புகையில்லாக் காளவாசலைப் பார்க்க வந்தவர்கள் இருமிக்கொண்டே, காளவாசல் எங்கே இருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். ராஜா முகம்மது கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் பொறுமையாக விளக்கினார். இது அடுப்புப் புகை. காளவாசல் புகை வேறு. காளவாசல் புகை வருகிறதா என்று பாருங்கள், வரவில்லை அல்லவா?

யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆகவே மறுக்கவும் முடியவில்லை.

பாய்லரிலிருந்து நீளமாக ஒரு குழாய் இழுத்து, அதன் முனையில் அழுத்தம் காட்டும் கடிகாரம் மாட்டியிருந்தார்கள். முள் மெதுவாக ஏறியது. பாய்லரின் வயிறு சிவக்கச் சிவக்க முள்ளும் ஏறியது. மறுநாள் காலையில் ஓரிடத்தில் வந்து நின்றது. ராஜா முகம்மது நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தார். முள் அசையவில்லை. அரைமணி நேரம் பார்த்தார். அசையவே இல்லை. வர வேண்டிய வாயுவெல்லாம் வந்து முடிந்துவிட்டது, கல் அத்தனையும் சுண்ணாம்பாகிவிட்டது என்று அவருக்கு விளங்கியது. முள்ளைப் படம் எடுத்து, 'வெற்றி நின்று பேசும்' என்று எழுதிக் குழுவில் போட்டார். கைதட்டும் பொம்மைகள் வந்தன.

அந்த நேரத்தில்தான் மன்சூர் ஓடிவந்தான். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

லீவு வகுப்பில் அன்றைக்கு வேதிச்சமநிலைப் பாடம். வருஷா வருஷம் நடத்துகிற பாடம்தான். 'மூடிய கலனில் சுண்ணாம்புக் கல்லைச் சூடாக்கும்போது' என்று இவன் எடுத்துக் கொடுக்க, பிள்ளைகள் மிச்சத்தைக் கோரஸாகச் சொன்னார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போது சன்னல் வழியாக இவன் கண் எதிர்ப்பக்கத்து ஃபிளெக்சில் விழுந்தது. அதில் பாய்லர். பாய்லருக்கு மூடி. மூடிக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு இவன். இத்தனை வருஷமாக வாயில் மெட்டாகப் போய்க்கொண்டிருந்த 'மூடிய கலன்' முதல் தடவையாக இவன் காதில் விழுந்தது.

"மச்சான், வால்வைத் திறக்கணும்."

"எதுக்கு?"

"உள்ள இருக்கிற வாயு வெளிய போகணும். போகலைன்னா கல்லு கல்லாத்தான் இருக்கும்."

ராஜா முகம்மது முள்ளைக் காட்டினார். மன்சூர் அதைப் பார்த்து இன்னும் வெளிறிப்போனான்.

"முள்ளு நிக்குதுன்னா வேலை முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம் இல்லை மச்சான். கல்லு உடைஞ்சு சுண்ணாம்பும் வாயுவுமா ஆகுது. அந்த வாயுவுக்குப் போக எடம் இல்லை. திரும்பி வந்து சுண்ணாம்போட ஒட்டிக் கல்லாயிருது. உடையிறதும் ஒட்டுறதும் ஒரே வேகத்துக்கு வந்துருச்சு. அதான் நிக்குது."

"அப்ப உள்ள வேலை நடக்குதுல்ல?"

"நடக்குது. நம்ம சங்கத்துல நடக்கிற மாதிரி."

ராஜா முகம்மதுவுக்கு இது சட்டென்று புரிந்தது. ஏலக்காய் வியாபாரிகள் நலச்சங்கத்தில் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கோஷ்டி வெளிநடப்புச் செய்யும். போன கூட்டத்தில் வெளிநடப்புச் செய்த கோஷ்டி அதே வாசல் வழியாக உள்ளே வரும். சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். டீயும் வடையும் தீரும். சங்கம் ஆரம்பித்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்.

விறகைக் கூட்டினால் என்ன என்று கேட்டார். முள் இன்னும் கொஞ்சம் ஏறி அங்கே நிற்கும் என்றான் மன்சூர். இவ்வளவு கல் போட்டிருக்கிறோமே என்றார். கல் எவ்வளவு இருந்தாலும் அழுத்தத்துக்குக் கவலை இல்லை, இந்தச் சூட்டுக்கு இவ்வளவுதான் என்று அது ஒரு கணக்கு வைத்திருக்கிறது. உண்மையில் இடம் விடாமல் திணித்ததால் வாயு நிற்கக் கொஞ்சம் இடம்தான், அதனால் சுண்ணாம்பும் கொஞ்சம்தான். எவ்வளவு கொஞ்சம்? மன்சூர் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினான். வெற்றிலைக்குத் தடவலாம். அதுவும் நெருப்பை அணைத்து ஆறவிட்டால் பழையபடி கல்லாகப் போய்விடும்.

"இதை நீ போன வாரம் ஏன்டா சொல்லலை?"

"போன வாரம் நீங்க பாய்லர்னு கேட்டீங்க மச்சான். மூடிய கலன்னு கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று மன்சூர் கெஞ்சினான். பாய்லர் செக்கச் செவேலென்று இருக்கிறது. இப்போது வால்வைத் திறந்துவிட்டு விறகை இதேபோல் போட்டால், வாயு வெளியேற வெளியேறக் கல் உடைந்துகொண்டே இருக்கும். நாளைக்குள் தெளிப்புக்கு வேண்டிய சுண்ணாம்பு கிடைத்துவிடும். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. போனால் யாருக்கும் தெரியாது.

ராஜா முகம்மதுவின் கை பெல்ட்டுக்குப் போனது. அப்போது செல்போன் அடித்தது. மலையிலிருந்து மேஸ்திரி பொன்னுமணி.

"மொதலாளி, டாப் ஸ்டேஷன் பக்கம் மேகம் எறங்கிருச்சு. துரிசு எடுத்து வச்சாச்சு, ஆளும் நிக்குது. சுண்ணாம்பு மட்டும் வெரசா வந்தாப் போதும்."

நாளைக்கு வரும் என்று சொல்லி வைத்தார். நல்ல காய் அது. சரம் சரமாகப் பிடித்திருந்தது. போன வாரம் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சங்கிலியின் பூட்டைக் கையில் பிடித்தார். சாவியை நுழைத்தார்.

புகை அந்தச் சமயம் பார்த்துச் சற்று விலகியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வாசலில் வீரணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. மடியில் முறுக்குப் பொட்டலம் இருந்தது. வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சரி. ஆனால் இவ்வளவு அழுத்தத்தில் வால்வைத் திறந்தால் சத்தம் இல்லாமலா இருக்கும்? பாம்பு சீறுகிற மாதிரிச் சீறும். அது ரோட்டைத் தாண்டும். வீரணன் முறுக்கைக் கீழே வைப்பார். செல்போனை எடுப்பார். அப்புறம் குழுவில் என்ன பொம்மைகள் வரும் என்று ராஜா முகம்மதுவால் பார்க்க முடிந்தது.

'ஒரு மூச்சும் வெளியேறாது' என்று ஊர் நடுவில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிற மனிதர் அவர்.

சாவியை உருவிக்கொண்டார்.

"மாப்ளே" என்றார். "படிச்சவன் எல்லாத்துக்கும் பயப்படுவான். நாளைக்கித் திறக்கிறப்ப என்ன பேசணுமோ அதை எழுதி வையி."

மன்சூர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஃபிளெக்சில் தன் படம் ஏறியிருப்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சரி மச்சான் என்று சொல்லிவிட்டு, ஒற்றைச் செருப்போடு பேச்சு எழுதப் போனான். வேதிச்சமநிலைக்கும் பாய்லருக்கும் இடையில் அவனும் ஒரு சமநிலைக்கு வந்துவிட்டான். சாயங்காலம் நெருப்பை இழுத்து அணைத்தார்கள். முள் கீழே இறங்கியது. தான் உண்டாக்கிய வாயுவைச் சுண்ணாம்பு அவசரமில்லாமல் திரும்ப விழுங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டம் குறைவில்லை. பிரியாணி அண்டா முன்னாலேயே தெரியும்படி வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினராகச் சங்கத்தின் துணைத்தலைவர் ஜக்கையன் வந்திருந்தார். எந்த விழாவுக்கு அழைத்தாலும் மழைநீர் சேமிப்பைப் பற்றிப் பேசுகிறவர் அவர். இங்கேயும் அதைப் பேசினார். மேற்கே மலை தெரியவில்லை. மேகம் குரங்கணி வரை இறங்கிவிட்டிருந்தது.

ராஜா முகம்மது மைக்கைப் பிடித்து மனிதன், பூமி, மூச்சு என்று ஆரம்பித்தார். மூச்சை அடக்குகிறவன்தான் ஞானி என்றார். தன் காளவாசல் ஒரு ஞானி என்றார். முன்வரிசையில் கைதட்டினார்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் அவர் இடுப்புச் சாவி ஒருமுறை மின்னியது. பிறகு பாய்லர் மூடியின் போல்டுகளைக் கழற்றி, குறடு போட்டு ஒரு கல்லை எடுத்துப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தார்கள். பார்ப்பதற்கு அது போடும்போது எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. கொஞ்சம் வெளுத்திருக்கிறது என்றார் ராஜா முகம்மது. ஆமாம் என்றார் ஜக்கையன்.

சுட்ட சுண்ணாம்பா, சுடாத கல்லா என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். தண்ணீர் ஊற்றினால் போதும். சுட்டதாக இருந்தால் சீறிக் கொதித்து, ஆவி பறக்க வெடித்துப் பூத்துப் பொடியாகும். அந்தக் காட்சிக்காகத்தான் செல்போன்கள் உயர்ந்தன. முன்வரிசைக்காரர்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்கள். ஜக்கையன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை எட்டியமட்டும் நீட்டி, வெள்ளிச் செம்பிலிருந்து தண்ணீரை விட்டுவிட்டு, இரண்டு எட்டுப் பின்னால் குதித்தார்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

செம்பில் மிச்சம் இருந்ததையும் ஜக்கையன் ஊற்றினார். இந்தத் தடவை குதிக்கவில்லை.

வாசலில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. பின்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு மூட்டை, ஈரம் படாமல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. வீரணனின் ஜீப்பு. பொன்னுமணி விடிந்ததும் முதலாளிக்கு மறுபடி போன் போட்டிருக்கிறார்; முதலாளி பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்ததால் எடுக்கவில்லை. அவர் நபீசாவுக்குப் போட்டார். நபீசா வீரணனுக்குப் போட்டாள். பாய்க்குத்தான் சுண்ணாம்பு கிடையாது என்று சொன்னேனே தவிர அக்காவுக்குச் சொல்லவில்லையே என்று வீரணன் லோடு ஏற்றிவிட்டார். ஏற்றும்போது, காளவாசல் காற்றுப் பட்ட காய்க்குத் தனி வாசனை வரும் என்றும் ஒரு தகவலைச் சேர்த்துச் சொன்னாராம்.

நபீசா இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து வந்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். கணவரின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"சாவியைக் கொண்டாங்க. தெளிக்கிற பம்பு ஸ்டோருக்குள்ள இருக்கு."

"கூட்டம் முடியட்டும் நபீசா" என்றார் ராஜா முகம்மது, மைக்குக்குக் கேட்காத குரலில். மைக்குக்குக் கேட்டுவிட்டது.

அவள் கையை எடுக்கவில்லை. முன்வரிசையில் ஒரு செல்போன் தாம்பாளத்தை விட்டு இந்தப் பக்கம் திரும்பியது. ராஜா முகம்மது பெல்ட்டிலிருந்து வளையத்தைக் கழற்றினார். இறுகிப்போயிருந்தது, நேரம் பிடித்தது. நபீசா ஸ்டோர் சாவியை அதிலிருந்து உருவிக்கொண்டு, வால்வுப் பூட்டின் சாவியை மட்டும் அவர் உள்ளங்கையில் திரும்ப வைத்தாள்.

"இதை நீங்களே வச்சுக்கங்க."

ஜீப்பு குரங்கணிப் பக்கம் கிளம்பியது. முதல் தூறல் விழுவதற்குள் பாதித் தோட்டமாவது தெளிக்க முடிந்தால் நல்லது; மீதியின் கதி மழையின் கையில். வீரணன் ஜீப்போடு போகவில்லை. அவர் பிரியாணி வரிசையில் நின்றார்.

மன்சூர் எழுதிவைத்த பேச்சு இன்னும் மிச்சம் இருந்தது. அவன் மைக்கைத் தன் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டு வாசித்தான். வினை நடக்கவில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். வினை நடந்தது. முன்னோக்கியும் நடந்தது, பின்னோக்கியும் நடந்தது. உலகில் எத்தனையோ காளவாசல்கள் ஒரு திசையில் மட்டுமே வேலை செய்கின்றன. இரு திசையிலும் வேலை செய்த முதல் காளவாசல் போடியில் இருக்கிறது என்பதில் நாம் பெருமை கொள்ள வேண்டும். கூட்டம் கைதட்டியது. ஜக்கையன் எழுந்து ராஜா முகம்மதுவுக்குப் பொன்னாடை போர்த்தினார். ராஜா முகம்மது அதைத் தோளில் சரிசெய்துகொண்டே, யாரும் பார்க்காதபோது தாம்பாளத்தின் மேல் குனிந்து பார்த்தார்.

கல் நனைந்திருந்தது.